டிக்கெட் விலை ஒன்று, பேங்க் பிடித்தது ஒன்று: இணையத்தில் விமான டிக்கெட் எடுக்கப் புதிதாகப் பழகுபவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் முன்பெல்லாம் டிக்கெட் என்றால் ஏஜென்ட் கடைதான். கடவுச்சீட்டை நீட்டினால் அவர் விலை சொல்வார், ரொக்கத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவோம். இப்போது ஈப்போ வரை போகாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் எடுத்துவிடுகிறோம். அது நல்லதுதான். ஆனால் திரையில் பார்த்த விலையும் மாதக் கடைசியில் பேங்க் கணக்கறிக்கையில் விழும் தொகையும் ஒத்துப்போவதில்லை என்று பலர் வந்து கேட்கிறார்கள். ஓர் ஆளுக்கு முப்பது, நாற்பது வெள்ளி, அதாவது ரிங்கிட், கூடுகிறது. குடும்பமாகப் போனால் அது நூறைத் தாண்டிவிடுகிறது. யாரும் திருடவில்லை, எல்லாம் சிறிய எழுத்தில் எழுதித்தான் இருக்கிறது. அதைப் படிக்கச் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் நம் காசு போகிறது.

டிக்கெட் எடுக்கும்போது இரண்டு கேள்விகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். விலை எந்த நாட்டுக் காசில் இருக்கிறது? காசை வாங்குகிறவர் எந்த நாட்டில் பதிந்தவர்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கூடுதல் காசு எங்கே போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

காசு கூடுவது எப்படி

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம். இந்திய ரூபாயில் விலை போட்ட டிக்கெட்டை மலேசிய அட்டையால் வாங்கினால், விசாவோ மாஸ்டர்கார்டோ தங்கள் விகிதத்தில் அதை ரிங்கிட்டாக மாற்றும். அதன்மேல் கட்டணம் ஏறும். மலேசிய வங்கிகளில் இது பொதுவாக 1 முதல் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, அட்டைக்கு அட்டை மாறும். பல வங்கிகள் இதைத் தனி வரியாகக் காட்டுவதில்லை, டிக்கெட் தொகைக்குள்ளேயே சேர்த்துவிடுகின்றன. அதனால்தான் தேடினாலும் கண்ணில் படுவதில்லை. உங்கள் அட்டைக்கு எவ்வளவு என்பது அட்டை எடுத்தபோது கொடுத்த விவரத்தாளில் இருக்கும். தாள் தொலைந்திருந்தால் வங்கியின் இணையத்தளத்தில் அட்டையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

இரண்டாவது, பணம் கட்டும் பக்கத்திலேயே “உங்கள் நாட்டுக் காசில் கட்டுங்கள்” என்று வரும் சலுகை. நம் அட்டை மலேசிய அட்டை என்பது எண்ணைப் போட்டவுடன் அந்தப் பக்கத்துக்குத் தெரிந்துவிடும். உடனே ரூபாய் விலையை ரிங்கிட்டாக மாற்றிக் காட்டும். இங்கே மாற்றுவது உங்கள் வங்கி கிடையாது. விற்பவரும் அவருக்குப் பணம் வாங்கித் தரும் நிறுவனமும் தங்கள் லாபத்தைச் சேர்த்து ஒரு விகிதம் போடுகிறார்கள். 3 சதவீதம், 5 சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேல் ஏறும். இதைத்தான் டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டி.சி.சி. என்கிறார்கள்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. ரிங்கிட்டிலேயே கட்டினாலும், விற்பவர் வெளிநாட்டில் பதிந்தவராக இருந்தால் 1 சதவீதம் போல் எல்லை தாண்டிய கட்டணம் பிடிக்கும் வங்கிகள் இருக்கின்றன. “வெள்ளியில்தானே கட்டினேன், பிறகு எதற்குப் பிடித்தார்கள்?” என்று கவுன்டரில் போய்ச் சண்டை பிடிப்பவர்கள் பெரும்பாலும் இதில் மாட்டியவர்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகும். எளிதாக இருக்க, ஒரு ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் 18,000 ரூபாய். கட்டணமே இல்லையென்றால் 900 ரிங்கிட். ரூபாயிலேயே கட்டி, வங்கி 2 சதவீதம் பிடித்தால் 918. பக்கம் காட்டிய ரிங்கிட் விலையை ஒப்புக்கொண்டு, அதில் 5 சதவீதம் ஏறியிருந்தால் 945. அதன்மேல் 1 சதவீத எல்லை தாண்டிய கட்டணமும் விழுந்தால் 954 ரிங்கிட் 45 சென். ஒரே டிக்கெட், ஒரே அட்டை, ஒரு பொத்தானால் 36 ரிங்கிட் 45 சென் வித்தியாசம். நான்கு பேர் என்றால் 145 ரிங்கிட் 80 சென். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று ஆன பிறகும், மாதம் 26 நாள் வேலை பார்ப்பவருக்கு இது இரண்டு நாள் கூலிக்கு மேல்.

டிக்கெட் தேடும் முன்பே செய்ய வேண்டியது

விலை எந்தக் காசில் வரும் என்பதைப் பெரும்பாலும் பயணம் தொடங்கும் ஊர்தான் முடிவு செய்கிறது. கோலாலம்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ கிளம்பினால் விமான நிறுவனத்தின் தளத்தில் ரிங்கிட் விலை வரும். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ கிளம்பினால் ரூபாய்தான். அதனால் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்தால், திரும்பி வரும் டிக்கெட் ரூபாயில் விழுந்துவிடும். இரண்டையும் சேர்த்து, மலேசியாவில் தொடங்கும் ஒரே இருவழி டிக்கெட்டாக எடுத்தால் முழுவதும் ரிங்கிட். நம் பக்கத்து ஆட்களுக்குக் கோலாலம்பூர் மட்டும்தான் வழி என்பதும் இல்லை. 2024 டிசம்பரிலிருந்து பினாங்கு–சென்னை நேரடி விமானத்தை இண்டிகோ விட்டிருக்கிறது. எந்த விமான நிலையமானாலும் கணக்கு ஒன்றுதான்.

தனித்தனி டிக்கெட் சில நேரம் அடிப்படை விலையிலேயே மலிவாக வரும். அப்போது ரூபாய் டிக்கெட்டின் விலையோடு 2 சதவீதத்தைக் கூட்டி, அதன் பிறகு ஒப்பிடுங்கள். கூட்டாமல் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

சரி, இந்தியாவிலிருந்து யாரையாவது வரவழைக்கிறீர்கள், அல்லது சென்னையில் இறங்கி மதுரைக்கு உள்நாட்டு விமானம் பிடிக்கிறீர்கள் என்றால் ரூபாயைத் தவிர்க்க முடியாது. அங்கே நம்பிக்கையான உறவினர் இருந்தால், இந்தியாவின் கைப்பேசிப் பணப் பரிமாற்ற முறையான யு.பி.ஐ. மூலம் அவரையே ரூபாயில் கட்டச் சொல்லிவிட்டு, நேரில் போகும்போது கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். அதற்காக மட்டும் இங்கிருந்து பணம் அனுப்பினால் அனுப்பும் கூலி தனியாகப் போகும், அதில் லாபமில்லை.

பெயரைக் கடவுச்சீட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். நம் பெயரில் ‘மகன்’, ‘மகள்’ என்பதற்கு வரும் எ/எல், எ/பி கட்டத்துக்குள் ஏறாது, அந்தச் சாய்கோட்டைப் பல தளங்கள் ஏற்பதில்லை. எப்படி எழுத வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள். கட்டணக் கட்டுரையில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெயர் தப்பாகி ரத்து செய்து மறுபடி வாங்கினால் நாணய மாற்றமும் இரண்டு தடவை நடக்கும்.

அட்டையைத் தயார் செய்வது

மலேசிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக மூடியே இருக்கும். நீங்களாகத் திறந்தால்தான் வேலை செய்யும். வங்கிச் செயலியில் அட்டைப் பகுதிக்குள் போனால் அதற்கான பொத்தான் இருக்கும், எவ்வளவு நாளுக்கு என்றும் கேட்கும். டிக்கெட்டுக்கு மட்டும் திறந்துவிட்டு, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். நாள் வரம்பு டிக்கெட் விலையைவிடக் குறைவாக இருந்தால் அதையும் உயர்த்த வேண்டும். பற்று அட்டையானால் கணக்கில் டிக்கெட் விலைக்கு மேல் ஐந்து சதவீதமாவது கூடுதலாக வைத்திருங்கள்.

பணம் கட்டும் கடைசி நொடியில் வங்கிச் செயலியில் ஒப்புதல் கேட்கும். அதற்குச் சில நிமிடம்தான் அவகாசம். தோட்டத்துக்குள் லைன் வந்து வந்து போகும் வீடாக இருந்தால், டவுனில் நல்ல லைன் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பாதியில் அறுந்துவிட்டால் உடனே மறுபடி அழுத்தாதீர்கள். முதல் முயற்சியில் பணம் பிடித்து வைக்கப்பட்டிருக்கலாம். செயலியில் பரிவர்த்தனைப் பட்டியலையும், மின்னஞ்சலில் டிக்கெட் வந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு அடுத்த முயற்சிக்குப் போங்கள். பிடித்து வைத்த பணம் தானாகவே திரும்பும், ஆனால் சில நாள் ஆகும். அந்தச் சில நாளும் கணக்கில் காசு குறைந்து நிற்கும்.

பணம் கட்டும் பக்கம்

இங்கேதான் நிதானம் வேண்டும். மற்ற எல்லாப் பக்கங்களையும் வேகமாகக் கடந்தாலும் பரவாயில்லை.

கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் டிக்கெட், விலை தொடக்கத்திலிருந்தே ரிங்கிட்டில் இருக்கிறது, விற்பது இங்குள்ள நிறுவனம் என்றால் எஃப்.பி.எக்ஸ். இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்நாட்டு இணைய வங்கிப் பரிமாற்றம், ரிங்கிட்டில் மட்டும்தான் நடக்கும். நாணய மாற்றத்துக்கே இடமில்லை. நமக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. கடன் அட்டைப் புள்ளி கிடைக்காது என்பதைத் தவிர குறை ஒன்றும் தெரியவில்லை.

விலை ரூபாயில் வந்தால் அட்டைதான். அட்டை எண்ணைப் போட்ட பிறகு பக்கத்தை மெதுவாகக் கீழே இழுங்கள். இரண்டு தொகைகள் அருகருகே நிற்கும்: ஒன்று ஐ.என்.ஆர்., அதாவது ரூபாய், இன்னொன்று எம்.ஒய்.ஆர்., அதாவது ரிங்கிட். எம்.ஒய்.ஆர். பக்கத்துப் புள்ளி ஏற்கெனவே கறுத்திருக்கும், அதாவது நீங்கள் கேட்காமலே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். அதன் கீழே பொடி எழுத்தில் விகிதமும், விகிதத்தின் மேல் ஏற்றிய லாபத்தைக் குறிக்கும் ‘மார்க்அப்’ என்ற சொல்லும், அது எத்தனை சதவீதம் என்பதும் இருக்கும். பக்கத்திலேயே ‘எனக்கு வேறு வழியும் தரப்பட்டது, நான் ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. அந்த வரியின் மேல்தான் உங்கள் ஒப்புதல் நிற்கிறது. ஐ.என்.ஆர். புள்ளியை அழுத்துங்கள். மொத்தத் தொகை ரூபாயாக மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ‘விகிதம் உறுதி’ என்றும், ‘என்ன வரும் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்’ என்றும் எழுதியிருப்பார்கள். உறுதிதான், கூடுதல் விலைக்கு உறுதி.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் உண்டு. “அப்படியானால் எப்போதுமே ரிங்கிட்டைத் தவிர்க்க வேண்டுமா?” வேண்டாம். டிக்கெட்டின் சொந்த விலையே ரிங்கிட் என்றால் ரிங்கிட்டில்தான் கட்ட வேண்டும். ரூபாய் விலை கடைசிப் பக்கத்தில் ரிங்கிட்டாக வேஷம் மாறினால்தான் மறுக்க வேண்டும். முதல் பக்கத்தில் நீங்கள் பார்த்த நாணயமும் கடைசிப் பக்கத்து நாணயமும் ஒன்றாக இருக்கட்டும், அது போதும்.

காட்டும் விகிதம் நியாயமா என்று பார்க்க ஆசைப்பட்டால், விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் தளங்களில் மாற்று விகிதக் கணிப்பான் வைத்திருக்கின்றன. வங்கிக் கட்டணம் எத்தனை சதவீதம் என்பதையும் அதில் போடலாம். வரும் தொகையைப் பக்கத்தில் காட்டும் ரிங்கிட் தொகையோடு ஒப்பிடுங்கள். அன்றைய கணிப்பும் கடைசியில் விழும் தொகையும் சில சென்னோ ஒன்றிரண்டு ரிங்கிட்டோ மாறலாம். பரிவர்த்தனை வங்கிக்கு வந்து பதிவாகும் நாளின் விகிதம் வேறாக இருப்பதுதான் காரணம்.

இருக்கை, பெட்டி எடை, சாப்பாடு எல்லாவற்றையும் டிக்கெட்டோடு சேர்த்தே எடுங்கள். பிற்பாடு தனியாக வாங்கினால் ஒவ்வொன்றும் தனிப் பரிவர்த்தனை, ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு புள்ளிகள் உங்கள் முன் வந்து நிற்கும்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், தன் தங்கைக்கு இந்தியாவிலிருந்து டிக்கெட் எடுத்தார். ஒரு மாதம் கழித்துக் கணக்கறிக்கையோடு வந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தோம். அந்த வரியில் விற்பவர் பெயர், இந்திய ஊர் ஒன்றின் பெயர், நாட்டுக் குறியீடு, பிறகு ரிங்கிட் தொகை. ரூபாய்த் தொகை எங்கேயும் இல்லை. மேல் வரியில் அவர் மகன் வாங்கிய வேறொரு பொருளுக்கு வெளிநாட்டுத் தொகையும் அதன் கீழே ரிங்கிட்டும் அச்சாகியிருந்தன. வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிட்டது. விற்பவர் வெளிநாடு, ஆனால் வெளிநாட்டுத் தொகை அச்சாகவில்லை என்றால் மாற்றம் நடந்தது விற்பவரின் பக்கத்தில். அதற்கு அடுத்த வரியில் சில ரிங்கிட், தனியாக, எல்லை தாண்டிய கட்டணம். அக்கா விரல் வைத்துப் படித்துவிட்டு, “இதை ஒருத்தர் சொல்லியிருந்தா நான் அந்தப் பட்டனை அமுக்கியிருக்கவே மாட்டேனே” என்றார். அவர் சொன்னது நியாயம். இது படிப்பு சம்பந்தப்பட்டதல்ல, முன்னால் ஒருவர் காட்டிவிட்டால் போதும்.

ஒப்பீட்டுத் தளங்களும் ஏஜென்ட்டும்

பல நிறுவனங்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் விலை ரிங்கிட்டில்தான் இருக்கும். ஆனால் டிக்கெட்டை விற்பவர் சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ பதிந்தவராக இருக்கலாம். அப்போதுதான் நான் சொன்ன மூன்றாவது கட்டணம் விழுகிறது. பக்கத்தின் அடியில் நிறுவனத்தின் பெயரும் நாடும் இருக்கும், பாருங்கள். பத்துப் பதினைந்து வெள்ளி மலிவு என்றால், என் எண்ணத்தில், விமான நிறுவனத்திடமே நேராக வாங்குவது மேல். மாற்றமோ ரத்தோ வந்தால் நடுவில் இன்னோர் ஆள் இருக்கமாட்டார்.

ஏஜென்ட் கடையை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். அவர் ரிங்கிட்டில் ஒரு விலையை எழுதிக் கொடுத்து, ரொக்கமாகவோ, உள்நாட்டு உடனடிப் பணப் பரிமாற்றமான டுவிட்நவ் மூலமோ வாங்கிக்கொண்டால் உங்களுக்கு நாணய மாற்றமே இல்லை. அவர் கூலி, நீங்கள் இழக்கும் 2 சதவீதத்தைவிடக் குறைவாக இருந்தால் அவரிடமே எடுங்கள். வயதானவர்கள் தனியாகப் பறக்கும்போது கேள்வி கேட்க ஒரு முகம் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. டிக்கெட் எண்ணும் முன்பதிவுக் குறியீடும் கையில் வாங்காமல் மட்டும் கடையைவிட்டு வராதீர்கள்.

வெளிநாட்டுக் கட்டணம் குறைவு என்று சொல்லி வரும் பல நாணய அட்டைகளும் இருக்கின்றன. வருஷத்தில் பல தடவை பறப்பவர்களுக்கு அவை உதவும். ஒரே ஒரு டிக்கெட்டுக்காக எடுப்பதானால், அட்டை வாங்கும் செலவையும் பணம் ஏற்றும் கட்டணத்தையும் முதலில் கூட்டிப் பாருங்கள்.

பணம் திரும்பி வரும்போது

ரூபாய் டிக்கெட்டை ரத்து செய்தால் “முழுப் பணம் திரும்பும்” என்பார்கள். திரும்புவது முழு ரூபாய். அது ரிங்கிட்டாக மாறுவது திரும்பும் நாளின் விகிதத்தில். வாங்கும்போது 918 ரிங்கிட் போன அதே 18,000 ரூபாய், ஒரு ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் 50 காசு என்று ஆகியிருந்தால் 878 ரிங்கிட்டாகத்தான் வரும். வங்கி பிடித்த கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. “பிறகு ரத்து செய்துகொள்ளலாம்” என்று நினைத்து ரூபாயில் டிக்கெட் எடுத்து வைப்பதை அதனால்தான் நான் யாருக்கும் சொல்வதில்லை.

விமானம் ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணம் செய்ய விரும்பாதவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2024 செப்டம்பர் 2 முதல் மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிமுறையில் இது இருக்கிறது. கட்டிய வழியிலேயே 30 நாளுக்குள் திருப்ப வேண்டும். வவுச்சரை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கே முறையிடுவது

யாருடைய கட்டணம் என்பதைப் பொறுத்து கதவு மாறும். விமான நிறுவனம் முதலில் காட்டும் விலை வரிகள் உட்பட முழு விலையாக இருக்க வேண்டும். அட்டையில் கட்டுவதற்கென்று தனியாகப் பரிவர்த்தனைக் கட்டணம் பிடிப்பதும் 2019 ஜூன் முதல் கூடாது. அப்படி ஏதாவது நடந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள், பதில் சரியில்லை என்றால் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போகலாம். முன்பு மேவ்கோம் என்ற விமானப் போக்குவரத்து ஆணையம் பார்த்துவந்த இந்தப் பொறுப்பு 2025 ஆகஸ்ட் 1 முதல் அங்கே போயிருக்கிறது. ஆனால் வங்கி பிடித்த 2 சதவீதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை.

வங்கியிடம் போகும்போது கையில் ஆதாரம் வேண்டும். அதற்காகப் பணம் கட்டும் பக்கத்தைக் கட்டும்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் வழியைத் தராமலே விற்பவர் ரிங்கிட்டாக மாற்றியிருந்தால் அது அட்டை நிறுவனங்களின் விதிக்கு மாறானது. வங்கியிடம் பரிவர்த்தனையை மறுத்து முறையீடு கொடுக்கலாம். நீங்களே ஒப்புக்கொண்டு அழுத்தியிருந்தால் பணம் திரும்புவது கஷ்டம். முறையீட்டுக்குக் கால வரம்பு இருப்பதால், கணக்கறிக்கை வந்த வாரமே பேசிவிடுங்கள். பேசிய நாளையும் அவர்கள் தந்த குறிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள்.

நீங்கள் செய்யவே இல்லாத பரிவர்த்தனை என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், உடனே வங்கிக்கும், இணைய மோசடிகளைக் கவனிக்கும் தேசிய மையத்தின் 997 எண்ணுக்கும் அடியுங்கள். மற்றக் குறைகளில் வங்கி காதில் வாங்கவில்லை என்றால் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் பேசலாம். வங்கியின் இறுதிப் பதில் எழுத்தில் வந்த பிறகும் ஒத்துக்கொள்ள முடியவில்லை என்றால், 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை இருக்கிறது, சுருக்கமாக எஃப்.எம்.ஓ.எஸ். பயனீட்டாளருக்குக் கட்டணம் கிடையாது. வங்கியின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் அங்கே மனு போட வேண்டும், அதோடு அந்தப் பதில் கடிதத்தின் நகலையும் இணைக்க வேண்டும்.